வண்டி நின்ற இடங்கள்

மனிதன் இதுவரை பதிவு செய்த எந்தக் காற்றிரைச்சலும் தன் கைக்குத் தப்பியதில்லை என்று சவுண்டு அம்மாவிடம் சொன்னான். கூடத்தில் அப்பா கிடந்தார். மயானத்துக்கு வேன் நாலு மணிக்கு. அப்போது மணி பதினொன்று.

“அரை மணி நேரம் குடும்மா. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்.”

ஒலிப்பதிவு படிக்கிறான், வாயும் அதிகம் என்பதால் கல்லூரியில் வைத்த பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

அம்மா பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் குரலில் ஒரே ஒரு வாக்கியம், காற்று இல்லாமல். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டிதானா என்று தொடங்கிய சண்டையில் இரண்டு நாளாக அவரோடு பேசாமல் இருந்தாள். நேற்றுக் காலை, போதும், பேசிவிடலாம் என்று போய் எழுப்பினாள். அவர் எழுந்திருக்கவில்லை.

அப்பா லிப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் மேலும் கீழும் போய்வந்த மனிதர் ஏழாவது நாள் நேராகப் போக ஆசைப்பட்டதில் தவறில்லை. ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே போவார். அதை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றுவது சவுண்டின் வேலை. நாற்பத்தொரு பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் மூன்று பேர் சித்தப்பாவேதான், வேறு வேறு கணக்கில்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வீடியோவைத் திறந்தான். காற்று ஹோவென்று அடித்தது. அடியில் இரையும் தாழ்ந்த ஒலிகளை வெட்டினான். காற்று இறங்கியது, கூடவே அப்பாவும் இறங்கிப்போனார். அந்தக் கனத்த குரல் குடியிருந்ததும் அதே கீழ்த்தளத்தில்தான். சரி என்று, வெறும் காற்று மட்டும் இருக்கும் துண்டை மென்பொருளுக்குக் காட்டி, இதை மட்டும் கழி என்றான். கழித்தது. மிச்சமிருந்தது குடத்துக்குள் விழுந்த வண்டு.

சித்தப்பா எட்டிப்பார்த்தார். “யார்ரா அது பேசுறது?”

“அப்பா.”

இன்னொரு முறை கவனமாகக் கேட்டார். “எனக்கு அண்ணன்டா அவரு. அம்பது வருஷமாத் தெரியும். இது வேற யாரோ.”

ஒன்பது வீடியோக்கள். மணி ஒன்றரை. பத்தாவதைத் திறக்கும்போதுதான் அவனுக்கு அது உறைத்தது.

முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பா வண்டியை ஓரம்கட்டுவார். எஞ்சினை அணைத்துவிட்டு, சொல்லி முடித்த பிறகுதான் கிளம்புவார். அதைச் சொல்லி அவன் கிண்டலடிக்காத நாளில்லை.

“அப்பா, இது ஹெல்மெட் கேமராவா, பஸ் ஸ்டாப் கேமராவா?”

“ஓடுற வண்டியில காத்துதான்டா பேசும். நான் எங்க பேசுறது?”

“அதுக்குத்தான் நான் இருக்கேன்ல. நிக்கிற வண்டிய எவன் பாப்பான்?”

நின்ற இடத்தையெல்லாம் வெட்டி எறிந்தான். அறுபத்து மூன்று பயணங்கள். ஒவ்வொன்றும் ஏற்றி முடிந்ததும் கேமராவின் மெமரி கார்டில் இருந்ததை முழுக்க அழித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார் என்று அவரிடமே நீட்டினான். காற்றை மட்டும் பத்திரமாக வைத்திருந்தான்.

கூடத்துக்கு வந்தான். “அம்மா, இந்த ஞாயித்துக்கிழமை போட்ட கார்டு?”

“கேமராவுலதான் இருக்கும். ஹெல்மெட்டு வண்டி மேலயே கெடக்கு. யாரு தொட்டா?”

அந்தப் பதிவு வெட்டப்படாமல் முழுசாக இருந்தது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வண்டி வேகம் குறைந்தது, எஞ்சின் அணைந்தது, காற்றும் நின்றது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அம்மா முன்னால் தரையில் வைத்தான். ஒரு வடிகட்டியும் போடவில்லை.

ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளும் சத்தம். ஒரு செருமல்.

“செயின் ரொம்ப சத்தம் போடுது. எண்ணெய் விட்டாச் சரியாயிடும்.” தூரத்தில் ஏதோ பறவை. “வீட்டுல ரெண்டு நாளா சத்தமே இல்ல. அதுக்கு என்னத்த விடறதுன்னுதான் தெரியல.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னொரு தடவ போடு.”

நாலு தடவை போட்டான்.

“மத்ததுலயும் இப்படி நின்னு நின்னு பேசியிருப்பாரா?”

“அறுபது எழுபது வீடியோ இருக்கே அண்ணி,” என்றார் சித்தப்பா. “ஒவ்வொண்ணாக் கேட்டாலே வருஷம் ஓடிடும்.”

சவுண்டின் வாயை அடைக்கப் பார்த்து ஒரு கல்லூரியே தோற்றிருக்கிறது. மடிக்கணினியின் மூடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து, அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“சரி, விடு. போய்ச் சாப்பிடு. வேன் வந்துரும்.”

எல்லாம் முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே திரும்பினார்கள். அம்மா சித்தப்பாவின் காரில். சவுண்டு அப்பாவின் வண்டியில், அவருடைய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு. அது கொஞ்சம் பெரிது, காதோரம் ஆடியது. பாலம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டினான். எஞ்சினை அணைத்தான். கையை உயர்த்திக் கேமராவின் பதிவுப் பொத்தானைத் தேடி அழுத்தினான். கண்ணாடியை மேலே தள்ளினான்.

பின்னால் சித்தப்பாவின் கார் வந்தது. வண்டி ரிப்பேரா என்பதுபோல ஒரு ஹாரன். கையைக் காட்டினான். கார் கடந்து, வளைவில் திரும்பி, அதன் சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருந்தான்.