மடவை துள்ளிய முகூர்த்தம்

அடையாற்றங்கரைப் பஞ்சாட்சரம் யாரையும் நம்பமாட்டான். சிரித்துப் பேசுகிறவனை அறவே நம்பமாட்டான். வக்கீல் மாணிக்கவாசக முதலியார் வீட்டு ஆள் வெற்றிலைத் தட்டோடு குப்பத்துக்கு வந்து, "பொண்ணு கல்யாணம், எல்லாரும் வரணும்னு ஐயா சொன்னாரு" என்று பல்லைக் காட்டினபோது, தட்டைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா? சாப்பாட்டுக்குத்தான்."

"தொழிலைக் கெடுத்தவரு சோறு போடறாரா? போய்யா!"

முதலியார் மயிலாப்பூர்க்காரர். டிராம் தடதடப்பும் மாடவீதிக் கூச்சலும் காதைத் துளைக்கிறதென்று, ஆற்றின் வடகரையில் தோப்புக்கு நடுவே பங்களா கட்டிக்கொண்டு வந்தவர். ஜப்பான்காரன் சண்டை முடிந்த மறுவருஷம் அது. வந்த பிறகு காக்கை கத்தினால் கோபம். எதிர்க்கரைத் தோட்டத்து நரி ஊளையிட்டால் அதற்கும் கோபம். நரிக்குப் போலீஸ் வைக்க முடியவில்லை, பஞ்சாட்சரத்துக்கு வைத்தார்.

பஞ்சாட்சரத்தின் தொழில் அப்படி. மடவை மீன் சத்தம் கேட்டால் துள்ளும். ஆற்றில் குறுக்கே வலை கட்டி, வலைக்குப் பின்னால் ஓலைத் தட்டிகளை மிதக்கவிட்டு, படகில் நின்றுகொண்டு தகரத்தைத் தட்டவேண்டும். கூட்டம் வலையைத் தாண்டிக் குதித்து ஓலைமேல் வந்து விழும். தட்டாவிட்டால் ஒரு குஞ்சுகூட விழாது. முதலியார் ஸ்டேஷனில் சொன்னதிலிருந்து கான்ஸ்டபிள் ஹனீஃபா கரையிலேயே குந்தியிருந்தார். தகரச் சத்தம் கேட்டால் படகு ஸ்டேஷனுக்குப் போய்விடும்.

தை பிறந்துவிட்டது. முகத்துவாரம் திறந்து கிடந்தது. சினை மடவை வடிகிற நீரோடு கடலுக்கு இறங்கிவிட்டால் அப்புறம் அடுத்த வருஷம்தான். குப்பத்து அடுப்பில் கஞ்சியைத் தவிர வேறு எதுவும் ஏறி நாளாயிற்று.

வெற்றிலைக்காரன் போனதும் பெண்டாட்டி பாஞ்சாலி கேட்டாள்: "யோவ், கல்யாணத்துல மோளம் அடிப்பாங்க இல்ல?"

"அடிப்பான். அதுக்கு?"

"தாலி கட்டச் சொல்ல கெட்டிமோளம் கொட்டுவாங்க. அதிர்வேட்டு வேற போடறாங்களாம். நீயா தட்டற? அவங்க வூட்டு மோளத்தப் போலீசு புடிக்குமா?"

பஞ்சாட்சரம் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இந்த ரோசனைய உனுக்கு யாரு குடுத்தாங்க?"

"மடவை வந்து காதுல சொல்லிச்சு. போய் வலையைக் கட்டுய்யா!"

முகூர்த்தத்தன்று காலை, பங்களாப் படித்துறைக்கு நேரே வலை ஏறியது. துடுப்பு போடாமல் கழியால் ஊன்றியே படகை நகர்த்தினான். ஹனீஃபா எழுந்து வந்தார்.

"இன்னா நைனா, வலை?"

"வலை கட்டக்கூடாதுன்னு உத்தரவு கீதா?"

"இல்ல, தட்டக்கூடாதுன்னுதான்."

"தட்டல. பாத்துக்கோ." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

பிறகுதான் தண்ணீரைக் குனிந்து பார்த்தான். படித்துறையடியில் முதுகுக்கு முதுகு இடிக்க, கருகருவென்று மடவை. இத்தனை நாள் அங்கே ஒரு சத்தம் இல்லையே! பயமில்லாமல் வந்து ஒண்டியிருக்கிறது. அத்தனை மீனை ஒரே இடத்தில் அவன் ஆயுசில் பார்த்ததில்லை. மூச்சு விடவே பயந்தான்.

பந்தலில் யாரோ "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார்கள். தவில் இரண்டும் பொரிந்தன. தோப்பில் அதிர்வேட்டு டமாரென்று வெடித்தது.

ஆறு பிளந்துகொண்டது. வெள்ளி வெள்ளியாய் எழும்பி ஓலைமேல் சடசடவென்று விழுந்தது மீன். படகுக்குள் விழுந்தது. ஒன்று அவன் கன்னத்திலேயே அறைந்தது. "அடி, அடி, இன்னும் அடிடா தவில்காரா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

மேளம் நின்றுவிட்டது. தாலி ஏறிவிட்டது, இனி தவில்காரனுக்கென்ன? ஆறு பழையபடி அடங்கியது. ஓலையில் பாதிதான் நிரம்பியிருந்தது. மிச்சக் கூட்டம் வலையடியில் சந்து தேடிச் சுற்றியது. நீர் வேறு வடிய ஆரம்பித்துவிட்டது. காலடியில் தகரம் கிடந்தது. தட்டினால் படகு போகும். தட்டாவிட்டால் மீன் போகும். பஞ்சாட்சரம் குனிந்து தகரத்தில் கை வைத்தான்.

"ஐயையோ, மீனு பறந்துச்சுடீ! நான் பாத்தேன்!"

படித்துறையில் ஒரு பெண் கூவினாள். அவ்வளவுதான், பந்தலே எழுந்து ஓடிவந்தது. எல்லாம் மயிலாப்பூர் வாய். டிராமுக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. "எங்கே? எங்கே?" என்று அவர்கள் போட்ட கூச்சலில் ஆறு மறுபடியும் துள்ளியது. மாலையும் கழுத்துமாய் வந்த கல்யாணப்பெண் காலடியில் ஒரு மடவை வந்து விழுந்தது.

"சிவ சிவா! சைவ வீட்டுப் படியிலே மீனா!"

"சும்மா இருடி! கயல் தானா வந்து விழுந்தா வம்சம் தழைக்கும்" என்று மாப்பிள்ளையின் அத்தை அதட்டினாள்.

முதலியார் அங்கவஸ்திரம் தரையில் இழுபட முன்னால் வந்து நின்றார். "அதோ! இடது பக்கம்! விடாதே பஞ்சாட்சரம், விடாதே!"

ஹனீஃபா மெல்ல, "ஐயா, சத்தம்..." என்றார்.

"அட, போய்யா! அதோ, அதோ, பெரிசு! பிடி!"

அவர் போட்ட கூச்சலுக்கே ஒரு கூடை மீன் விழுந்தது. பாரம் தாங்காமல் ஓலைத் தட்டிகள் தண்ணீரில் அமிழ்ந்தன. பாஞ்சாலி இடுப்பளவு நீரில் இறங்கிக் கூடைகூடையாய் வாரினாள். குப்பமே இறங்கி வாரியது.

எல்லாம் ஓய்ந்ததும், முதலியார் கம்மிய குரலில் சிரித்தார். "பஞ்சாட்சரம், நாளையிலேருந்து நீ தாராளமா தட்டிக்கோ. போலீசை நான் போகச் சொல்லிடறேன்."

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. ஆற்றின் மேலண்டைப் பக்கம் பார்த்தான். அங்கே அமாவாசை வடிநீரோடு இறங்கக் காத்திருக்கும் கூட்டம் இன்னும் இருந்தது; சத்தமில்லாவிட்டால் அதுவும் இந்தப் படித்துறையடியில்தான் வந்து ஒண்டும்.

"வேணாம் சாமி. அமாவாசை வரைக்கும் போலீசு இங்கியே இருக்கட்டும். எவனும் வாயத் தொறக்கக்கூடாது. முக்கியமா நீங்க."