எஞ்சின் ஆறும்வரை

பானெட் மேல் கையை வைத்த டிரைவர், வைத்த வேகத்தில் எடுத்தார்.

“சுடுது,” என்றார்.

அவர் மனைவி, வண்டியை விற்கிற போட்டோக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள்தான் அவரிடம் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க சார். ஆறின எஞ்சினத்தான் அவர் பாக்கணும்.” அவரும் ஆகட்டும் ஆகட்டும் என்று வாய் நிறையச் சொன்னார். இப்போது கார் ஷெட்டின் ஓரத்தில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அதில் தூசு துளிகூட இல்லாதபோதும்.

பழைய டர்போ வண்டி வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. டர்போ தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் ஆயில் கசிந்து உள்ளே தேங்கும். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் நீலப் புகையைக் கக்கி உண்மையைப் போட்டு உடைத்துவிடும். அதனால்தான் விற்கிறவன் முன்கூட்டியே ஒரு சுற்றுப் போய்ப் புகையைத் தீர்த்துவிட்டு, பூனை மாதிரி வந்து நிற்பான்.

“வா, போலாம்,” என்றார் டிரைவர்.

இந்த வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது. தேடாத இடமில்லை. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போகும்போது உட்கார்ந்து போய்விடுவார். வரும்போது துவண்டுபோய், படுத்துக்கொண்டுதான் வர முடியும். ஜீப், வேன் எல்லாம் உயரம், ஏற முடியாது. பின் சீட்டை மடக்கினால் ஆள் நீட்டிப் படுக்கலாம் என்கிற மாதிரி தாழ்வான, நீளமான ஸ்டேஷன் வேகன்தான் சரி. அந்த மேட்டில் மூச்சு வாங்காமல் ஏற டர்போ வேண்டும். புதுசு வாங்கும் வசதி இல்லை. பழசுதான், ஆனால் வழியில் காலை வாராத பழசு.

ஏனென்றால் இதுவரை அவள் ஓட்டின சின்ன வண்டி காலை வாரிவிட்டது. மலையின் பாதியில், திரும்பி வரும்போது, நின்றுபோனது. ரோட்டோரம் போர்வையை விரித்து அவரைப் படுக்க வைத்திருந்தாள். இருபத்தைந்து வருஷம் அதே ரோட்டில் பஸ் ஓட்டினவர். கூட வேலை பார்த்தவர்கள் பஸ்ஸை மெதுவாக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்றோடு சரி. “நம்பி ஏற ஒரு வண்டி வரட்டும், அப்புறம் பாக்கலாம்,” என்றார். வாடகைக் கார் பேசினாள், கண்டவன் ஓட்டுகிற வண்டியில் ஏற மாட்டேன் என்றார். ஒரு தடவை டயாலிசிஸ் தப்பியாயிற்று. பாதம் வீங்கிச் செருப்புக்குள் போக மறுக்கிறது. நாளைக்கும் தப்பினால் பொறுப்பில்லை என்று டாக்டர் கையைக் கழுவிவிட்டார்.

“என்ன சார் இது?” என்றாள் போட்டோக்காரரிடம். “சொன்ன பேச்சுக்கு ஒரு மரியாத வேண்டாமா?”

“நான் ஸ்டார்ட் பண்ணலம்மா.”

“அப்ப வெயில்ல காஞ்சுதா? ஷெட்டுக்குள்ளதான நிக்குது?”

“நான் பண்ணல,” என்று மறுபடி சொன்னார். ஆனால் அவர் கண் அவளைப் பார்க்கவில்லை, கேட்டைப் பார்த்தது.

“விடு, எதுக்குப் பேச்சு,” என்று டிரைவர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள் என்று கேட்ட பிள்ளையின் முகம். இதே முகத்தை அவள் முன்னாலும் பார்த்திருக்கிறாள். கியர் இறுக்கம் என்று ஒரு வண்டியைத் தள்ளிய அன்றும், பெயின்ட் மேல் பெயின்ட் என்று இன்னொன்றைத் தள்ளிய அன்றும். அப்போதெல்லாம் அனுபவசாலி, நுணுக்கமாகப் பார்க்கிறார் என்று பெருமைப்பட்டாள். என்ன மடத்தனம். மனுஷன் வண்டியில் குறை தேடவில்லை, போகாமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

 அவள் ஷெட்டில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வண்டிக்கு முன்னால் போட்டாள்.

“உக்காருங்க. யாரும் எங்கயும் போகல. எஞ்சின் ஆறட்டும்.”

“ஆற சாயங்காலம் ஆகும்.”

“ஆகட்டும். நமக்கென்ன, ஊர்ல பஞ்சாயத்தா இருக்கு?”

போட்டோக்காரருக்கு அது தாங்கவில்லை. மென்று விழுங்கிவிட்டு, “மறைக்கச் சொன்னார், எனக்குத்தான் மறைக்க வரல,” என்றார். “காலைல ஒரு தம்பி வந்தார். ஒல்லியா இருந்தார். மூச்சு விடாமப் பேசினார். மலை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு, வண்டிய யாருக்கும் குடுக்காதீங்க, நான் வந்தத யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார். அவர் வர்றதுக்குள்ள நீங்க முடிவு சொன்னா உங்களுக்கு. இல்லேன்னா அவருக்குத்தான், வாக்குக் குடுத்துட்டேன்.”

ஒல்லி, மூச்சு விடாத பேச்சு. அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. போனை எடுத்தாள்.

“டேய், எங்கடா இருக்க?”

கொஞ்ச நேரத்தில் அவள் தம்பி வந்து சேர்ந்தான். வீட்டில் அவனுக்குப் பெயர் அவசரம். நல்லது செய்வதையும் திருட்டுத்தனமாகத்தான் செய்வான். அந்தக் குடும்பமே அப்படி. அவளே இந்த வண்டிக்காக வளையலை விற்ற சங்கதியைப் புருஷனிடம் சொல்லவில்லை.

“மறுபடி ஒரு ஓட்ட வண்டில மாமா மாட்டிக்கக் கூடாதுல்ல, அதான்க்கா முன்னாடியே பாத்தேன். மாமாகிட்ட சொன்னா, எனக்கு நீ பாக்கறியான்னு கோச்சுப்பாரு. நல்ல வண்டி மாமா. காலைல ஆறின எஞ்சினத்தான் ஸ்டார்ட் பண்ணேன். ஒரு பொட்டுப் புகை இல்ல.”

“நீ பாத்தது உனக்கு,” என்றார் டிரைவர். “உங்கக்காவுக்காக நீ வெள்ளக் காக்கா பறக்குதுன்னும் சொல்லுவே.”

சொல்லத்தான் சொல்லுவான்.

ஆக, நாலு பேரும் ஒரு வண்டி ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். போட்டோக்காரர் பானெட்டைத் திறந்து வைத்தார். எஞ்சின் அடங்கும்போது போடும் ‘டிக், டிக்’ சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அவசரம் இருப்புக் கொள்ளாமல் கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்தான். டிரைவர் கண்ணை மூடியிருந்தார். மூச்சு கனமாக வந்தது, இமையெல்லாம் வீங்கியிருந்தது. அவள் டெய்லர். துணியில் இழை பிரிவதை விரல் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவாள். கூடப் படுத்து எழுகிற மனுஷன் உள்ளுக்குள் பிரிந்துகொண்டிருந்தது தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. கூடவே பயமும். புகை வந்தால் என்ன செய்வாள்? வந்தால் அவர் ஜெயித்துவிடுவார். நாளைக்குப் போக மாட்டார், அடுத்த தடவையும் போக மாட்டார், அப்புறம் போகவேண்டிய அவசியமே இருக்காது.

தண்ணீர் கேட்டார். அளவாகத்தான் குடிக்கலாம், வாயை நனைக்கக் கொடுத்தாள். தம்ளரில் பாக்கி இருந்த தண்ணீரை அவர் பார்த்த பார்வையை அவளால் சகிக்க முடியவில்லை.

வெயில் சாய்ந்தபோது டிரைவர் எழுந்து போய், ஆயில் பார்க்கும் கம்பியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“ஆறிடுச்சு. நீ ஸ்டார்ட் பண்ணு,” என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போனார்.

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தாள். அவர் குனிந்து சைலன்சர் வாயில் கையை வைத்திருந்தார். “மிதி,” என்றார். மிதித்தாள். “இன்னும்.” இன்னும் மிதித்தாள். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு நிமிர்ந்தார், நின்ற இடத்திலேயே நின்றார். புகை இல்லை.

அவள் எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப் போனாள்.

“என்ன?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லேன்னா?”

“குறை ஒண்ணும் இல்ல.” தோற்றுப்போனவர் மாதிரி சொன்னார்.

“அப்ப இப்ப சொல்லுங்க. வண்டி வேண்டாமா, இல்ல போறதே வேண்டாமா?”

அவசரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். போட்டோக்காரர் அவன் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போனார்.

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “நான் ஓட்டின ரோடு அது,” என்றார் கடைசியில். “அதுல மூட்ட மாதிரி பின்னால கெடந்து வரேன். நீ கடைய பாதி நாள் பூட்டிப் போடறே. ராத்திரி உக்காந்து தைக்கறே. எதுக்கு? இன்னும் எத்தன நாளைக்கு? போதும்னு இருக்கு.”

“என்னச் சாக்கா வைக்காதீங்க.” அவள் அவர் எதிரில் வந்து நின்றாள். “எனக்கு உங்க மேல பரிதாபமும் இல்ல ஒண்ணும் இல்ல. எனக்கு நீங்க வேணும், அதான் ஓடறேன். உங்களுக்குப் போதும்னா என் முகத்தப் பாத்துப் போதும்னு சொல்லுங்க. அழுதுட்டாவது கேட்டுக்கறேன். அத விட்டுட்டு ஊர்ல இருக்கற வண்டி மேல எல்லாம் பழியப் போட்டுட்டுச் செத்துப் போகாதீங்க. அப்புறம் காலம் பூரா, இன்னொரு வண்டி பாத்திருக்கலாமோன்னு நான் தலைல அடிச்சுக்கணும்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ‘போதும்’ என்கிற அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிடுவாரோ என்று அவள் பார்வையை எடுக்காமல் நின்றாள். எஞ்சின் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

 அவர் பின் கதவைத் தூக்கி, சீட்டை மடக்கி, வீங்கின காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு நீட்டிப் படுத்தார்.

“மேட்டுல எப்படி இழுக்குதுன்னு பாக்க வேண்டாமா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவசரம் ஓடிவந்து டிரைவர் சீட்டுப் பக்கம் கதவைத் திறந்தான்.

“நீ இல்லடா. அவ ஓட்டட்டும்.”

அவள் ஏறி உட்கார்ந்தாள். தெரு முனை தாண்டி மலை ரோடு ஆரம்பித்ததும் மேடு. பின்னால் அவர் காதைத் தரையோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நடு மேட்டில் கியரை மாற்றினாள், வண்டி குலுங்கியது.

“அறிவிருக்கா ஒனக்கு? கிளட்ச்ச முழுசா மிதிக்காம கியரப் போடறே,” என்று ஒரு திட்டு விழுந்தது. அவள் கிளட்சை முழுசாக மிதித்து கியரைச் சரியாகப் போட்டாள். டர்போ பிடித்து வண்டி விறுவிறுவென்று மேலே ஏறியது. முதல் வளைவு போனது, அடுத்ததும் போனது, சுமையை இறக்கி வைத்தது போல ரோடு சமமானது.

“நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?” என்று அவர் கேட்டார்.

 அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணைத் துடைத்துவிட்டு, ரோடு மறுபடி கண்ணுக்குத் தெரிகிற வரை உட்கார்ந்திருந்தாள்.