கிளிப்பச்சைக் கதவுகள்

“கடைசியா ஒரே பக்கமா இழுடா. முன்னும் பின்னும் தேய்க்க அது என்ன பல்லா?”

அக்காவின் குரல் கட்டிலிலிருந்து வந்தது. உடம்பில் மிச்சமிருந்த தெம்பெல்லாம் குரலுக்குப் போய்விட்டது போலிருந்தது. தம்பி ரோலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான். ஐம்பத்து நாலு வயதுத் தம்பி. மூக்கு நுனியில் கிளிப்பச்சை.

அலமாரியின் இரண்டு கதவுகளும் கழற்றப்பட்டு ஸ்டூல்களின்மேல் கிடந்தன. ஒன்று ஜன்னலோரம். இன்னொன்று அக்காவின் கைக்கு எட்டும் தூரத்தில், கட்டிலை ஒட்டி. அவள்தான் அங்கே போடச் சொன்னாள். கதவில்லாத அலமாரி, மடித்த துணிகளைக் காட்டிக்கொண்டு கூச்சமில்லாமல் நின்றது.

பதினெட்டு வருஷமாக அது கரும்பழுப்பு. வழவழப்பான மைக்கா, அதன்மேல் மரம் மாதிரி பொய்க் கோடுகள். அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி தேர்ந்தெடுத்தது. “அழுக்கு தெரியாதுக்கா” என்று பெருமையாகச் சொன்னான். “தெரியணும்டா. தெரிஞ்சாத்தானே துடைப்போம்?” என்றாள் அவள். அந்தப் பேச்சு இன்றுவரை முடியவில்லை. நோய் வந்து கட்டிலை இந்த அறைக்கு மாற்றியபோது அலமாரி நேர் எதிரே அமைந்துவிட்டது. “ரெண்டு மாசமா இந்த மூஞ்சியவே பார்த்துக்கிட்டுக் கிடக்கேன். போறதுக்குள்ள இதைக் கிளிப்பச்சையா பார்க்கணும்” என்றாள் ஒருநாள்.

அக்கா ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் செக்கிங் பார்த்தவள். சட்டையை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று கண்ணால் மேய்வாள். பிழை இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு ஒட்டினால் அந்தச் சட்டை ரிஜெக்ட் ஆகிவிட்டதென்று அர்த்தமில்லை. இதை மட்டும் சரிசெய்து கொண்டு வா என்று அர்த்தம். ஓய்வு பெற்றபோது ஒரு சுருள் ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அது இப்போதும் தலையணைக்கடியில் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் இருந்தது. வீட்டில் அம்பு வாங்காத பொருளே இல்லை. தம்பியின் கல்யாணப் போட்டோவில்கூடத் தோளில் ஒரு சிவப்பு தெரியும். உற்றுப் பார்த்தால், கல்யாணத்தன்றே அக்கா ஒட்டிவிட்ட அம்பு. காலர் மடிப்பு சரியில்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி பெயிண்ட் டப்பாவோடு வந்தான். கடைக்காரர் விரல்விட்டுச் சொல்லியனுப்பியிருந்தார்: முதலில் உப்புத்தாள் போட்டு மினுமினுப்பு போகிறவரை தேய்க்கணும், துடைக்கணும், வழவழப்பில் ஒட்டுகிற பிரைமர் அடித்து ஒரு ராத்திரி காயவிடணும், அதற்குப் பிறகுதான் பெயிண்ட். தம்பிக்கு எதிலும் முதல் படி கண்ணில் படாது. பார்சல் வண்டி ஓட்டி ஓட்டி வந்த அவசரம் அது. வழவழவென்று நன்றாகத்தானே இருக்கிறது, தேய்த்துக் கெடுப்பானேன் என்று நேராகப் பெயிண்ட்டை அடித்துவிட்டான்.

மறுநாள் காலை கதவுகள் ஜம்மென்று இருந்தன. அக்காவே கொஞ்சம் அசந்துபோனாள். ஒரு இடத்தில் குமிழ் இருப்பதைப் பார்த்து அம்பு ஒட்டினாள். தம்பி அம்பை உரித்தான். அம்போடு பெயிண்ட்டும் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. மேலும் இழுத்ததும் பாலாடை மாதிரி மொத்தமும் கழன்று கையில் தொங்கியது. அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தம்பி மனைவி தண்ணீரோடு ஓடிவந்தாள்.

“முப்பத்தொரு வருஷத்துல இப்படி ஒரு ரிஜெக்டை நான் பார்த்ததே இல்லம்மா” என்று அவளிடம் மூச்சு வாங்கச் சொன்னாள் அக்கா. “இவன் ஒட்டுனது எதுதான் ஒட்டியிருக்கு?”

அன்று பிற்பகல், வழக்கமாக வீட்டுக்கு வரும் நர்ஸ் வந்து பார்த்துவிட்டுத் தம்பியைக் கூடத்துக்கு அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“என்ன சொன்னா?”

“நல்லா இருக்கியாம்க்கா.”

“ரெண்டு மூணு நாள்தான்னு காதுல விழுந்துச்சு. பிரைமருக்கு ஒருநாள், பெயிண்டுக்கு ரெண்டு நாள். போதும். உப்புத்தாளை எடு.”

அந்த நிமிஷத்திலிருந்து வீட்டுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. தம்பி லீவு போட்டான். கையெரியத் தேய்த்தான். அக்கா உள்ளங்கையால் தடவி, “இன்னும் மினுக்குது” என்று மூன்று முறை திருப்பியனுப்பினாள். சோப்புத் தண்ணீரில் துடைத்தான். பிரைமர் அடித்தான். பொழுது விடிந்ததும் பல்கூடத் துலக்காமல் ஓடிவந்து கதவைத் தொட்டுப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை முதல் படியிலிருந்து செய்கிறோம் என்ற பூரிப்பு அவனை ஆட்டி வைத்தது. அக்கா போகப்போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். அதற்காகவே இது ஒட்டியாக வேண்டும், அவள் அதைப் பார்த்தாக வேண்டும். வேறு எதையும் யோசிக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

நேற்று பெயிண்டில் முதல் பூச்சு, இன்று இரண்டாவது. ஒன்பது மணிக்கு முடிந்தது. நாலு மணி நேரம் காயணும் என்று டப்பாவில் போட்டிருந்தது.

“மணி என்ன?”

“பத்தே கால்.”

“இப்ப?”

“அக்கா, நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள பதினொண்ணு ஆயிடுமா?”

“ஃபேனைப் போடு.”

“தூசி விழும்க்கா.”

“அப்ப ஊது.”

அவன் நிஜமாகவே குனிந்து ஊதினான். தம்பி மனைவி அறை வாசலில் நின்று தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா காலையிலிருந்து இரண்டு ஸ்பூன் தண்ணீருக்குமேல் குடிக்கவில்லை. ஆனால் கண்ணில் மட்டும் முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பளபளப்பு.

பன்னிரண்டரைக்குத் தம்பி அடுக்களையில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பினான். அக்காவின் கை போர்வைக்கு வெளியே, கதவின் ஓரத்தில் கிடந்தது.

“தொட்டியா?”

“நான் ஏன்டா தொடறேன்? செக்கிங்காரி கண்ணாலதான் பார்ப்பா.”

ஒரு மணி பத்து நிமிஷத்துக்குக் கதவைத் தூக்கினார்கள். மனைவி பிடித்துக்கொள்ள, தம்பி கீல்களில் திருகாணி முடுக்கினான். முதல் கதவு சொன்னபடி கேட்டது. இரண்டாவதில் ஒரு திருகாணி நழுவி உருண்டது.

“கட்டிலுக்கு அடியில போச்சு பாரு” என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

அவன் தவழ்ந்து போய் எடுத்தான். அங்கே அவளுடைய செருப்பு இரண்டு மாதமாக ஜோடியாக இருந்தது. திருகாணியைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். முடுக்கினான்.

“சாத்து” என்றாள்.

மெல்லச் சாத்தினான். நடுக்கோடு நேராகச் சேர்ந்தது. அறையே வேறு அறையாகிவிட்டது. அவனுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

“எப்படிக்கா?”

அவன் திரும்பவில்லை. அவள் எப்போதும் நேரமெடுத்துத்தான் பார்ப்பாள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். இப்போது மேல் கீலுக்கு வந்திருப்பாள். இப்போது கைப்பிடி.

“என்னங்க” என்றாள் மனைவி.

“ஒரு நிமிஷம் இரு. பார்த்துக்கிட்டு இருக்கா.”

மனைவி கட்டிலருகே போய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் திரும்பினான். அக்காவின் கண்கள் கதவுப் பக்கம்தான் திறந்திருந்தன.

“சாத்தினதைப் பார்த்தாளா?”

“தெரியலைங்க” என்று அழுதாள் மனைவி. “நான் உங்க கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

நாலு மணிக்கெல்லாம் கூடம் நிறைந்துவிட்டது. அக்காவோடு செக்கிங் பார்த்தவர்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். அறைக்குள் வந்த எல்லோரும் முதலில் அலமாரியைப் பார்த்துத் திடுக்கிட்டு, பிறகுதான் அக்காவைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் துக்கத்தில் கதவின்மேல் சாயப் போனார்.

“சாயாதீங்க! முழுசாக் காய ஒரு வாரம் ஆகும்!”

தம்பி போட்ட சத்தத்தில் அழுகைகூட நின்றது. பாவம், மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது அவன் காதில் ஏறவில்லை. பார்த்தாளா, பார்க்கவில்லையா என்ற ஒன்றே உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

“அண்ணிக்கு மாத்தணும்” என்றாள் மனைவி. “நல்ல துணியா ஒண்ணு எடுங்க.”

“நீ தொடாத. நானே எடுக்கறேன்.”

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கைப்பிடியை மட்டும் பிடித்துக் கதவைத் திறந்தான். கதவின் கனத்தில், சாத்தினால் தெரியாத அந்த ஓரத்தில், ஒரு சிவப்பு அம்பு இருந்தது. அது காட்டிய இடத்தில் அரிசி அளவுக்குப் பெயிண்ட் வழிந்து உறைந்திருந்தது.

பன்னிரண்டரை மணி. அவன் சாப்பிடப் போன நேரம்.

அம்பை உரிக்கக் கை போனது. பாதியில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அடித்த பெயிண்ட் மறுநாள் பாலாடையாய்க் கையில் தொங்கியது நினைவுக்கு வந்தது. பிறகு நகத்தை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கமாக இழுத்தான்.

அம்பு மட்டும் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பச்சை ஒரு துளிகூட இல்லை.

“கிடைச்சுதாங்க?” என்று வெளியிலிருந்து கேட்டாள் மனைவி.

துணியை எடுத்துக் கதவைச் சாத்தினான். கையிலிருந்த அம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல், தோளில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தான். அக்காவோடு வேலை பார்த்த ஒருத்தி அவனைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கை நீட்டினாள்.

“சட்டையில ஏதோ ஒட்டியிருக்கு தம்பி.”

“இருக்கட்டும்” என்று அவன் தோளை மெல்ல நகர்த்திக்கொண்டான்.