சும்மா மினுக்கிய படலம்

படலம் மறுபடியும் சும்மா மினுக்கியது. கண்ணாடித் துண்டின் மேல் துத்தநாக ஆக்சைடை மெல்லிசாகப் படியவைத்து, கதிர்வீச்சு பட்டால் ஒளிரும்படி செய்வது அவள் வேலை. கதிர்வீசும் வில்லையைப் பக்கத்தில் வைத்தால் மினுக்க வேண்டும். எடுத்துவிட்டால் கம்மென்று கிடக்க வேண்டும். இதுவோ வில்லை இல்லாத இருட்டுப் பெட்டிக்குள்ளும் மினுக்கி, ஒளியை எண்ணும் கருவியைக் கத்தவைத்தது.

"உன் சரக்கு காத்தடிச்சாலும் மினுக்குதேம்மா" என்று மேலாளர் நக்கலடித்தார்.

அவள் ரோஷக்காரி. அந்த வாரம் முழுக்கப் படலங்களைக் குப்பையில் போடுவதும் புதிதாகச் செய்வதுமாகக் கிடந்தாள். கையுறை உரசினால் கீறல் விழுகிறதென்று அதையும் கழற்றி வைத்துவிட்டாள். வீம்பு தலைக்கேறினால் புத்தி இப்படித்தான் போகும்.

இன்று மதியம், கூட வேலை செய்யும் சுருட்டைமுடிக்காரன் தன் படலம் ஒன்றைப் பெட்டியில் வைத்தான். கருவி மூச்சுவிடவில்லை. அவள் அதையே கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். கருவி கத்தியது.

"அக்கா, கையை இந்தக் காகிதத்துல துடைங்க" என்றான்.

அந்தக் காகிதத்தைப் படலத்தின் மேல் வைத்ததும் கருவி இன்னும் பலமாக அலறியது. அவன் வில்லையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். இடுக்கி பட்டு அதன் மேல்மூடி விரிசல் விட்டிருந்தது. உள்ளே இருந்த கதிர்வீசும் பொருள் கசிந்து அவள் விரலெல்லாம் ஏறியிருந்தது. படலம் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"பயப்படாதீங்கக்கா, இது தோலைத் தாண்டாது. தேய்ச்சுக் கழுவிடலாம். வயித்துக்குள்ள போனாத்தான்..." என்றவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்த அவள் மகள் நேற்றுத்தான் திரும்பியிருந்தாள். காலையில் மகளுக்கான சாப்பாட்டை இந்தக் கையால் குழையப் பிசைந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். கழுவிய கைதான். நகக்கண்ணை யார் பார்த்தார்கள்?

சுருட்டைமுடிக்காரன் அவள் வீட்டுக்குப் போன் போட்டு அவள் காதருகே பிடித்தான். சாப்பிடமாட்டேன் என்று தினமும் ஊரைக் கூட்டுகிற மகள், இன்றைக்கும் கூட்டியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"பாப்பா சாப்பிட்டாளா?"

"சொன்னா நம்பமாட்டே" என்று கணவன் சிரித்தான். "கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டா. இரு, உங்கிட்ட பேசணுமாம்."

"அம்மா, நான் சமத்துதானே?"

"சமத்துதான்டி கண்ணு" என்றாள். "போனை அப்பாகிட்ட குடு."