இரண்டாவது மூட்டை

“மாதேஷு ரெண்டாவது மூட்டய மிதிச்சானா, இல்லியா? நீ பாத்தியாம்மா?”

நடுவர் கங்கப்பன் கேட்ட அந்தக் கேள்வி வினிதாவின் காதை விட்டு இன்னும் போகவில்லை. அவர் அதைக் கேட்டபோது மாடசாமியின் மண்டை ஏற்கெனவே உடைந்திருந்தது.

ஓசூருக்கு வெளியே இருந்த அந்தக் கம்பெனிக்கு பேஸ்பாலைக் கொண்டுவந்தவர் ஜப்பான் மேனேஜர். சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பி, ஓடுகிறவன் ஒவ்வொன்றாக மிதித்துச் சுற்றிவர நாலு மூலையிலும் மூட்டை போட்டார்கள். நிரந்தரத் தொழிலாளிகள் ஒரு அணி, காண்ட்ராக்ட் ஆட்கள் ஒரு அணி. பந்தயம் சோற்றுக்கு. நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஃபேன் சுற்றும் சாப்பாட்டு ஹால். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு சைக்கிள் ஷெட்டை ஒட்டிய தகரக் கொட்டகை.

“நாங்க ஜெயிச்சா திங்கக்கெழம உங்க ஹால்ல, உங்க பெஞ்சுலதான் திம்போம்” என்றான் காண்ட்ராக்ட் சிவராஜ்.

“ஜெயிச்சிட்டு வாலே. எலை போட்டு நானே பரிமாறுதேன்” என்று சிரித்தான் நிரந்தர அணியின் திருநெல்வேலிக்காரன் மாடசாமி.

பேக்கிங்கில் இருந்த வினிதாவிடம் ஸ்கோர் நோட்டைக் கொடுத்திருந்தார்கள். பத்தாவதோடு நின்றவள், வாய் திறக்காதவள், ஆனால் கையெழுத்து முத்து. யார் எந்த மூட்டையை மிதித்தார்கள் என்று கட்டத்தில் கோடு போடுவது அவள் வேலை.

ஆட்டம் சமனில் நின்றது; காண்ட்ராக்ட் அணிக்கு இன்னும் ஒரு அவுட்தான் மிச்சம். சிவராஜ் பந்தைத் தூக்கி அடித்தான். மூன்றாவது மூட்டையில் நின்றவன் புறப்பட்ட இடத்துக்கே ஓடிவந்து சேர்ந்தான். ஜெயித்தாயிற்று! முதல் மூட்டையிலிருந்து ஓடிய மாதேஷ், வினிதாவின் அண்ணன், பாதி வழியிலேயே திரும்பிக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். தேன்கனிக்கோட்டைப் பக்கம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த கால். ஜெயிக்கிற ரன் வந்தபிறகு ஓடிப் பழக்கமில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் அடுத்த மூட்டையை அவன் மிதித்தே ஆகவேண்டும். அதற்குள் எதிராளி பந்தோடு அதை மிதித்துவிட்டால் கடைசி ஆளும் அவுட். வந்த ஓட்டமும் செல்லாது.

மாடசாமி பந்தோடு மூட்டைமேல் ஏறி நின்று கத்தினான். “மிதிக்கலலே! அவன் மிதிக்கவே இல்ல!”

“யார்ரா பொய் சொல்றது?” சிவராஜின் கையில் மட்டை இன்னும் இருந்தது. அடி காதுக்கு மேலே விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை, ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரிதான். விழுந்தவனின் விலாவில் இரும்பு முனை வைத்த ஷூக்கள் இறங்கின. ஒரு பல்லைத் துப்பிவிட்டு, “மிதிக்கல” என்றான் மாடசாமி. பந்தை மட்டும் விடவில்லை.

அப்போதுதான் கங்கப்பன் வினிதாவைக் கேட்டார்.

எல்லோரும் ஜெயித்தவனைப் பார்த்திருந்தார்கள். அவள் மட்டும் அண்ணனைப் பார்த்திருந்தாள். இப்போது அண்ணன் அவளைப் பார்த்தான். ‘ஆமான்னு சொல்லு’ என்று கண்ணாலேயே கெஞ்சினான். சிவராஜ் மறுபடி மட்டையை ஓங்கினான்.

“மிதிக்கல” என்றாள் வினிதா. “அவர விட்ருங்க. எங்கண்ணன் மிதிக்கல.”

மட்டை அந்தரத்தில் நின்றது. பிறகு மாதேஷ் பக்கம் திரும்பியது.

“திங்கப்போன சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா!”

மாதேஷ் முகத்துக்கு நேரே கையைத் தூக்கினான். விரல்கள் முறியும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவனோடு ஒரே கொட்டகையில், ஒரே சாம்பார் வாளியில் தின்றவர்கள் அவனைச் சுற்றி நின்று மிதித்தார்கள். செக்யூரிட்டிகள் ஓடிவந்து லத்தியைச் சுழற்றிய பிறகே விலகினார்கள்.

வினிதா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். “அண்ணா…”

அவன் வாங்கவில்லை. தொங்கிய கையை மறுகையால் தாங்கிக்கொண்டு எழுந்தான். ரத்தம் சொட்டச் சொட்ட மைதானத்தின் குறுக்கே நடந்துபோய், இரண்டாவது மூட்டைமேல் ஏறி நின்றான். காலை நன்றாக அழுத்தினான். கிழிந்த சாக்கிலிருந்து மண் சரிந்தது. பிறகு இறங்கி, அவள் பக்கம் திரும்பாமல் கேட்டைத் தாண்டிப் போனான்.