சாம்சன் சாரின் பிஸ்கட் டப்பா

“தீயில போடுட்டி! பாஸ்டர் வாரதுக்குள்ள போடு!”

“அப்பா பொருளு அத்தை. கைய எடுங்க!”

ராஜபாளையத்தில் சாவு வீட்டு அழுகைக்கு வராத கூட்டம் சண்டைக்கு வந்துவிடும். சவப்பெட்டிக்குள் சாம்சன் சார் மூக்கில் பஞ்சோடு சிவனே என்று கிடக்க, அவர் தங்கை பிச்சையம்மாளும் மகள் ஷெரினும் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டப்பாவை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

டப்பா கதை தெருவுக்கே தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் வெள்ளிதோறும் பிள்ளைகளுக்குப் பழைய வெள்ளைக்காரக் கார்ட்டூன் ஓட்டியவர் சாம்சன் சார். ‘ஆகாத’ இடங்களை முன்கூட்டியே கத்தரித்துவிட வேண்டும் என்பது நிர்வாகத்தின் கட்டளை. வெட்டிய பிலிம் துண்டுகளை அவர் எறியவில்லை. டப்பாவில் போட்டுப் பூட்டினார். ஆகாததைப் பூட்டி வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? நாற்பது வருடமாக உள்ளே என்னென்ன ஆட்டம் நடக்கிறது என்று அவரவர் தகுதிக்கேற்ப நினைத்துக்கொண்டது.

ஷெரினுக்கும் உள்ளூரப் பயம்தான். திறக்காமல் விட்டால் அப்பா பேரோடு இந்தப் பேச்சும் ஒட்டிக்கொண்டே இருக்கும். திறந்து, ஊர் சொன்னது உண்மையாகிவிட்டால்? வாசலில் நின்ற கணவன் ஹரிகிருஷ்ணனைப் பார்த்தாள். அவன் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான்.

மூடி தெறித்தது. சுருள் சுருளாகப் பிலிம் துண்டுகள். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“என்னட்டி அது?” பிச்சையம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள்.

“பசு மாடு அத்தை. ரெண்டு கால்ல நின்னு ஆடுது. மடி தெரியுது.”

“மடியா?”

“அதான் ஆகாதாம். இதுலயும் மடிதான். இந்தா, ரெண்டு தவளை முத்தம் குடுக்கு.”

எதிர்வீட்டுச் சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, எங்க வீட்டு மாடு அம்புட்டு வருசமும் பாவாடை கட்டாமத்தான வாசல்ல நின்னுச்சு!”

சாவு வீடு குலுங்கிச் சிரித்தது.

பிச்சையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஹரிகிருஷ்ணனைத்தான் கட்டுவேன் என்று ஷெரின் நின்றபோது, இதே கூடத்தில் “வேதம் மாறிப் போறவள அத்துவிடுண்ணே” என்று குதித்தவள் அவள். அன்றைக்கு சாம்சன் சார் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “வெட்டுறதெல்லாம் பள்ளிக்கூடத்தோட சரி. வீட்டுல நான் கத்திரி எடுக்க மாட்டேன்.”

ஷெரின் குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

பிச்சையம்மாள் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். சவப்பெட்டிக்குள் அண்ணன் காலடியில் வைத்தாள். “பாஸ்டர் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.” ஒரு துண்டு ஷெரின் கைக்குள் இருந்ததை அவள் பார்த்தாள். டப்பா மூடியை அழுத்திச் சாத்தினாள்.

அடுத்த வருடம் பிச்சையம்மாளின் பேத்தி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயில் தெருப் பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். என்ன சாதி, என்ன வேதம் என்று விசாரிக்கப் போனவர்களுக்குப் பிச்சையம்மாள் காபி மட்டும் கொடுத்து அனுப்பினாள். ஷெரினும் ஹரிகிருஷ்ணனும் செட்டியார்பட்டிக்குக் குடிபோனார்கள். அங்கே அடுப்படி ஜன்னல் கண்ணாடியில் விரல் நீளப் பிலிம் ஒன்று ஒட்டியிருக்கிறது. காலையில் பால் பொங்கும் வரை ஷெரின் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.