சிவப்புச் சீட்டு கட்டிய கால்

எங்கள் பட்டறையில் ஒரு பாகத்தில் சிவப்புச் சீட்டு கட்டிவிட்டால் கடவுளே வந்தாலும் அதைக் கழற்றக் கூடாது. அசல் ஜப்பான் பாகம் என்று அர்த்தம். கட்டுகிறவர் கிளிஃபர்ட், எங்கள் அருங்காட்சியகத்தின் காப்பாளர். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. சீட்டு கட்டுவதில் மட்டும் சூரர்.

1944இல் சைபன் தீவில் எங்கள் அமெரிக்க ராணுவம் பிடித்துவந்த ஜப்பானிய ஜீரோ போர்விமானம் அது. இங்கே விச்சிட்டாவில் ஆறு வருடமாகப் புதுப்பித்தோம். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. படம் எடுக்க இடைஞ்சல் என்று வயிற்றுக்கு அடியிலிருந்த மரத்தாங்கிகளைப் புதன் காலை கிளிஃபர்ட் எடுக்கச் சொன்னார். விமானம் சொந்தக் காலில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சக்கரக் கால் மடங்காமல் பிடிக்கும் பூட்டு ஆணியில் முடி போல ஒரு விரிசல். அதிலும் சிவப்புச் சீட்டு. போன வாரமே கிளிஃபர்டிடம் சொல்லியிருந்தேன்.

"உலகத்துல இந்த ஆணி இன்னும் எத்தனை இருக்கும்னு நினைக்கிற மார்ஜி? புதுசு போட்டா அது ஜீரோ இல்ல, பொம்மை."

"உடைஞ்சா?"

"கப்பல் மேல தொப்புனு இறங்கினப்பவே உடையாத ஆணி. போய் வேலையைப் பாரு."

மதியம் வெண்டெல் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, வயிற்றுத் தகட்டை முடுக்க அடியில் போனார். எழுபத்தொரு வயது, சம்பளம் வாங்காமல் வருகிறவர்.

"வெண்டெல், தாங்கியை வச்சுட்டுப் போங்களேன்."

"நாலே திருகாணி. நாப்பத்தாறு வருஷமா லோரீன் பக்கத்துல படுக்கிறவன், இதுக்கா பயப்படுவேன்?"

சிரித்துவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. உப்புத்தாளால் ஆணியின் கறுப்புப் பெயின்ட்டை நகக்கண் அளவு தேய்த்தேன். அசல் என்றால் கீழே வெறும் இரும்பு தெரிய வேண்டும். மஞ்சள்பச்சை தெரிந்தது. அது எங்கள் நாட்டுத் தொழிற்சாலைகள் அடித்த அடிப்பூச்சு.

ஜப்பான் ஆணியே இல்லை. பிடித்த விமானத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்க அன்றைக்கு எங்கள் ராணுவ மெக்கானிக் எவனோ அவசரத்துக்குச் செருகியது. ஒரு வாரத்துக்கென்று செருகியதற்குச் சீட்டு கட்டிக் கும்பிட்டிருக்கிறோம். விரிசல் இப்போது நகம் நுழையும் அளவு வாய் திறந்திருந்தது.

எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் படம், பிறகுதான் மற்றது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். என் கால் தானாக மேசைக்குப் போனது. கேமராவை எடுத்தேன். படத்தில் பக்கத்தில் வைக்க அளவுகோலைத் தேடினேன். இழுப்பறையில் இல்லை, அடுத்த இழுப்பறையைத் திறந்தேன்.

பின்னால் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். அப்புறம் பெரிய சத்தம். வெண்டெல் கத்தக்கூட இல்லை.

அடக்கத்தன்று லோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எப்பத் தெரிஞ்சுது மார்ஜி?"

"விழுந்தப்புறம்தான்," என்றேன்.